ஓரங்குலத்தில் பன்னிரண்டு அடி

நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் படத்தைக் காணாதவர் நம்முள் அரியர். 1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள் காலை 9.32 மணிக்கு அமெரிக்க நாட்டின் புளோரிடாக் கடற்கரையிலிருந்து அது எழும்பிய காட்சி எத்தனையோ நூல்களிலும் இதழ்களிலும் அச்சாகியிருக்கிறது. அப்படத்தில் ராக்கெட்டுக்குப் பக்கத்திலேயே, அதனைவிடச் சற்று உயரமாக, சிவப்பு வண்ணம் பூசிய எஃகுக் கோபுரம் ஒன்று நிற்கும். அதனை உற்று நோக்கியவர் எத்தனை பேர் இருப்பர்? ராக்கெட் விண்ணுக்குச் சென்றது. உலகத்தாரின் கண்களும் அதனுடனேயே சென்றன. கோபுரம் புகைக்குள் நின்றுவிட்டது. கடந்த இரண்டு ஆண்டுகளாக எங்கள் இல்லத்துக் கூடத்து மேசையின் மேல் உருப்பெற்று வருவது அந்தக் கோபுரமே.

அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 160 அடி நீளமும் 135 அடி அகலமும் 25 அடி உயரமும் கொண்ட ஓர் எஃகு மேடை. அதன் ஒரு பாதியில் 45 அடிச் சதுரமாக ஒரு பெருந்துளை. ராக்கெட்டின் நெருப்பு கீழிறங்குவதற்காக விடப்பட்டது. துளையின் நான்கு புறமும் நான்கு எஃகுப் பிடிகள். அடியில் உள்ள ஐந்து எஞ்சின்களும் முழு விசையை எய்தும் வரையில் ராக்கெட்டைப் பற்றிக்கொண்டிருப்பவை இவையே. மேடையின் மறு பாதியில் 380 அடி உயரக் கோபுரம். அதன் உச்சியில் 25 டன் தூக்கவல்ல பாரந்தூக்கி. கோபுரத்திலிருந்து ராக்கெட்டை நோக்கி ஒன்பது கைகள் நீண்டிருக்கும். எரிபொருள், மின்சாரம், குளிர்காற்று, செய்திக்கம்பிகள் யாவும் இக்கைகளின் வழியே செல்லும். இவற்றுள் ஐந்து, ராக்கெட் கிளம்பும் அந்த நொடி வரை ஒட்டியிருந்து, பிறகு விலகிக்கொள்ள வேண்டியவை. மிக உயரத்தில் உள்ள ஒன்பதாவது கையின் வழியாகத்தான் மனிதர் நடந்து சென்று விண்கலத்துக்குள் நுழைவர். மேடை, கோபுரம், ராக்கெட் மூன்றும் ஒரு பெருங்கூடத்துக்குள் நிமிர்ந்த நிலையிலேயே பூட்டப்பட்டு, ஊர்திகளுள் மிகப் பெரியது எனத்தக்க ஒரு வண்டியின் முதுகில் ஏறி, மணிக்கு ஒரு மைல் வேகத்தில், மூன்றரை மைல் தொலைவிலுள்ள ஏவுதளத்துக்கு ஊர்ந்து சென்றன. நம்மூர்த் தேர் நிலையிலிருந்து புறப்படும் வேகத்தை எண்ணிக்கொண்டால் சரியாக இருக்கும்.

நாங்கள் இருவர். எங்களுள் ஒருவர் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மற்றவர் தையலாசிரியை. மகன் பாரசீக வளைகுடாவில், கடல் நடுவே நிற்கும் எண்ணெய்த் துரப்பண மேடையொன்றில் வேலை செய்கிறான். மருமகளும் பேரனும் எங்களுடன் இருக்கின்றனர். வெளிநாட்டு உறவினர் ஒருவர் பேரனுக்குப் பரிசாக அனுப்பிய பெட்டியில், 144-இல் ஒரு பங்கு அளவில் செய்த சாட்டர்ன் ராக்கெட்டின் பிளாஸ்டிக் உறுப்புகள் இருந்தன. தாத்தாவும் பேரனுமாக ஒட்டி முடித்தார்கள். முப்பது அங்குல உயரத்துக்கு வெள்ளையும் கறுப்புமாக அது மேசை மேல் நின்றது. பெட்டியில் கோபுரம் இல்லை.

பேரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "இவ்வளவு உசரத்துக்கு அவங்க எப்படி ஏறுனாங்க தாத்தா?" என்றான். கோபுரத்தைப் பற்றியும் மின்தூக்கியைப் பற்றியும் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவன், "தீப்பிடிச்சா எப்படி இறங்குவாங்க ஆச்சி?" என்று கேட்டான். அவன் கேட்டது நிலவுக்குச் சென்றவர்களைப் பற்றி மட்டுமன்று என்பதை நாங்கள் இருவரும் அறிந்தோம். கடல் நடுவே எரிந்துகொண்டிருந்த ஒரு மேடையின் காட்சியை முந்தின வாரம் தொலைக்காட்சியில் அவன் பார்த்திருந்தான். அவன் தந்தை வேலை செய்யும் இடமன்று அது. என்றாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு எல்லாக் கடலும் ஒன்றுதான். வாயால் சொல்லும் விடை அவனுக்குப் போதாது என்று தோன்றியது. கோபுரத்தைக் கட்டுவது என்று அன்றிரவே முடிவு செய்தோம்.

144-இல் ஒரு பங்கு என்பது ஒரு வகையில் எளிய கணக்கு. உண்மையில் பன்னிரண்டு அடி என்பது இங்கே ஓரங்குலம். ஆறடி மனிதன் அரை அங்குலம். மேடை பதின்மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். கோபுரம் முப்பத்தொன்றரை அங்குலத்தைத் தாண்டும். இவையெல்லாம் அளவுகோலுக்கு அடங்குபவை. தொல்லை தொடங்குவது சிறியவற்றில்தான். ஓரங்குலக் கனமுள்ள குழாய், இந்த விகிதத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. தலைமயிர் இரண்டைச் சேர்த்து வைத்தாற்போல் இருக்கும். அக்கோபுரத்திலோ குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் படிகளுக்கும் பஞ்சமே இல்லை.

கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டிப் பழகிய குடும்பம் எங்களுடையது. வைக்கோலும் பாசியும் தவிட்டு நிறத்தாளும் எங்கள் கைகளுக்குப் பழக்கமானவை. ஆனால் குடிலில் ஒரு சலுகை உண்டு. அங்கே இடையனைவிட ஆடு பெரிதாக இருக்கும். ஒட்டகத்தின் திமில் குடிலின் கூரையைத் தொடும். எவரும் குறை சொல்வதில்லை. விகித மாதிரியில் அச்சலுகை கிடையாது. ஒரு படி அரை மில்லிமீட்டர் கூடினாலும் அங்கே மனிதன் கால் வைக்க முடியாது. கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

நாசா நிறுவனத்தின் அந்நாளைய நிழற்படங்களும் அறிக்கைகளும் எவரும் பெறக்கூடியவை. பேரன் அவற்றைத் தேடி எடுத்துத் தந்தான். தெருமுனை நகலகத்தில் பெரிதாக்கி அச்சிட்டோம். அளவு எழுதப்பட்டிருந்தால் நன்று. எழுதப்படாத இடங்களில் படத்தில் நிற்கும் மனிதரே எங்களுக்கு அளவுகோல். தொப்பி அணிந்த ஒரு தொழிலாளி ஒரு கதவருகே நின்றால் கதவின் உயரம் கிடைத்துவிடும். கதவு கிடைத்தால் தளம் கிடைக்கும். தளம் கிடைத்தால் குழாய். தம் வேலையைச் செய்துகொண்டு எவர் கவனத்திலும் படாமல் நின்ற அந்த மனிதருக்கு நாங்கள் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறோம்.

இனிப் பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியில் வராதவற்றைத் தாமே செய்துகொள்வோர் எந்த நாட்டிலும் பழைய சாமான் கடைக்காரரின் கண்ணோடுதான் வீட்டைச் சுற்றிப் பார்ப்பர் போலும். எங்களுக்கு முதலில் கிடைத்த செல்வம் மின்கம்பி. பழைய விசிறியிலிருந்து கழற்றிய, எலெக்ட்ரீசியன்கள் 40/76 என்று சொல்லும் கம்பியை உரித்தால் உள்ளே நாற்பது செம்பு இழைகள் இருக்கும். ஒவ்வொன்றின் கனமும் அங்குலத்தில் பத்தாயிரத்தில் 76 பங்கு. அதை 144-ஆல் பெருக்கிப் பார்த்தோம். ஓரங்குலத்துக்கு மேல் சிறிதே வந்தது. ஓரங்குலக் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான பொருளை விலை கொடுத்தும் வாங்க இயலாது. இழையின் ஒரு நுனியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, மறு நுனியைக் குறட்டால் பற்றி மெல்ல ஓர் இழுப்பு இழுத்தால் நெளிவெல்லாம் நீங்கி ஊசிபோல் நேராகிவிடும். பலமாக இழுத்தால் அறுந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதைக் கைதான் அறியும்.

சற்றுப் பெரிய குழாய்களுக்கு மருத்துவ ஊசி. மருந்துக் கடையில் 26 என்று கேட்டு வாங்கும் மெல்லிய ஊசியின் புறக்கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; இங்கே அது இரண்டரை அங்குலக் குழாய். உள்ளே உண்மையாகவே துளை இருப்பது கூடுதல் சிறப்பு. பெட்டியில் உறுப்புகளைத் தாங்கி வந்த பிளாஸ்டிக் சட்டங்களையும் எறியவில்லை. மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல் சுழற்றிக்கொண்டிருந்தால் நடுவில் இளகிப் பளபளக்கும். அப்போது வெளியே எடுத்து இரு கைகளையும் விரித்தால் சிலந்தி நூலைப்போல் நீளும். மெதுவாக விரித்தால் பருமன். விரைவாக விரித்தால் மயிரிழை. பேரனுக்கு இவ்வேலையில்தான் மிகுந்த விருப்பம். ஆச்சி அருகிலிருந்தால் மட்டுமே அவனுக்கு அனுமதி.

தளங்களுக்கான சல்லடைக்குத்தான் வெகு நாள் தேடினோம். இத்தகைய எஃகுக் கோபுரங்களில் நடக்கும் தளத்தின் பல இடங்கள் கம்பிச்சல்லடையால் ஆனவை. காற்றும் நீரும் ஒளியும் ஊடுருவும். கொசுவலையை எவரும் முதலில் நினைப்பர். அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். இந்த விகிதத்தில் ஆறேழு அங்குலம் ஆகிவிடும். நடப்பவன் கால் உள்ளே போய்விடும். தேநீர் வடிகட்டியும் அவ்வாறே. விடை, திருமண அழைப்பிதழ் அச்சிடும் ஓர் அன்பரின் கடையில் கிடைத்தது. ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தில் இழுத்துக் கட்டும் நைலான் துணியின் கண், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிழிந்துபோன சட்டத்திலிருந்து ஒரு முழத்துணியை வெட்டிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். ராக்கெட் ஏவுமேடைக்கு என்றோம். அதன் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கைப்பிடிக் கம்பிகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். கோபுரத்துக்கு 60 அடி உயரத்திலிருந்து 380 அடி வரையில் இருபது அடிக்கு ஒன்றாகப் பதினேழு தளங்கள். கோபுரத்தின் பக்கம் ஒவ்வொன்றும் நாற்பதடி. நான்கு பக்கமும் மேல்கம்பி, இடைக்கம்பி என இரண்டிரண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் எங்கள் அளவில் ஏறத்தாழ 38 அடிச் செம்பு இழை. எட்டடிக்கு ஒரு நிலைக்கம்பி என்று கொண்டால் 340 நிலைக்கம்பிகள். தொழிற்கூடங்களில் கைப்பிடியின் உயரம் மூன்றரை அடி. இங்கே ஏழரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஈயப்பற்று வைத்துப் பார்த்தால், ஒன்றைச் சூடாக்கும்போது பக்கத்து மூட்டு விட்டுவிடுகிறது. ஆகவே ஃபெவிக்விக்தான். அதைத் துளியாக விடுவதற்கு ஆச்சியின் தையலூசி உதவியது. ஊசியின் காதை நுனியில் வெட்டிவிட்டால் அது இரு பல் கொண்ட சிறு கவை ஆகிவிடும். அக்கவைக்குள் பசை ஒரு கடுகளவு தங்கும்; மூட்டில் தொட்டவுடன் தானே இறங்கிவிடும். மரப்பலகையில் கோடுகளைக் கீறி, கீறலுக்குள் கம்பிகளைப் படுக்க வைத்து, ஒரு பக்கம் முழுவதையும் அங்கேயே முடித்து எடுப்போம். பொற்கொல்லர் கையாளும் சாமணம் இல்லாவிடில் இவ்வேலை நடவாது.

பசையின் ஆவி கண்ணைக் கரிக்கும். அதற்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும்; ஆனால் மின்விசிறி சுழலக் கூடாது. விசிறியைப் போட்டால் ஒரு காலை வேலை முழுவதும் பறந்துவிடும். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல், மடியில் வெள்ளைத் துண்டை விரித்து, விழுவதைத் தேடி எடுத்துக்கொண்டு, இரண்டு முதியவர்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கும் கோலத்தைக் கண்டு மருமகள் சிரிக்காத நாளில்லை. எங்களுள் ஒருவருக்கு இடக்கண்ணில் புரை முற்றி வந்தது. அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் எத்தனை தளம், அதற்குப் பின் எத்தனை தளம் என்று ஒரு கணக்கு வேறு.

இப்படி இருக்கையில் ஓர் இரவு வளைகுடாவிலிருந்து மகன் தொலைபேசியில் பேசினான். பேரன் கோபுரத்தைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகன் கேட்ட வினா ஒன்றுதான்: "படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சாச்சா?" பிறகு தன் மேடையைப் பற்றிச் சொன்னான். இதற்கு முன் எங்களிடம் அவன் அவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை. முதல் நாள் இறங்கியவுடன் வேலையைக் காட்டுவதில்லையாம்; தப்பும் வழியைத்தான் நடத்திக் காட்டுவார்களாம். இரவில் விளக்கு அணைந்தாலும் தன் அறையிலிருந்து உயிர்காப்புப் படகு வரையில் கைப்பிடியைத் தடவியே வந்துவிட முடியும் என்றான். படியில் ஒரு கை எப்போதும் கம்பி மேல் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பேரன் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் பள்ளியிலிருந்து வந்தவுடன், முடிந்திருந்த தளங்களின் நிலைக்கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணினான்.

அவன் கேட்ட இரண்டாவது வினாவுக்கு இனி நேராக விடை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1967-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள் நடந்ததை அவனுக்குச் சொன்னோம். அது வேறொரு ஏவுதளம், வேறொரு கோபுரம். ராக்கெட் பறக்கவும் இல்லை, எரிபொருளும் நிரப்பப்படவில்லை, ஒத்திகை மட்டுமே. கிரிசம், ஒயிட், சாபி என்னும் மூவர் விண்கலத்துக்குள் அமர்ந்திருந்தபோது உள்ளே தீப்பற்றியது. உயிர்வளி நிறைந்த அறையில் தீ நொடிகளில் பரவியது. உட்கதவு உட்புறமாகத் திறப்பது. உள்ளே பெருகிய அழுத்தம் அதைத் திறக்க விடவில்லை. வெளியே கோபுரத்தில் இருந்த தொழிலாளர்கள் புகைக்குள் புகுந்து போராடினர். கதவுகளைத் திறக்க ஐந்து நிமிடங்கள் ஆயின. மூவரும் இறந்திருந்தனர்.

அதை ஆராய்ந்த குழு விண்கலத்தில் கண்ட குறைகளைப் பலரும் எழுதியுள்ளனர். கோபுரத்தைப் பற்றி அது சொன்னதை நாங்கள் இவ்வேலையில் இறங்கிய பிறகே படித்தோம். விண்கலத்தை அடுத்த சிற்றறையிலும், அதற்குச் செல்லும் கையிலும், படிகளும் நகரும் கதவுகளும் கூர்மையான திருப்பங்களும் இருந்தன. ஆபத்தில் வெளியேறுவதற்கு அவை இடையூறானவை என்று அக்குழு பதிவு செய்தது. ஒரு படி, ஒரு கதவு, ஒரு திருப்பம். எங்கள் மேசை மேல் அவை ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்ப் பொருள்.

அதன் பிறகு விண்கலத்தின் கதவு வெளிப்புறமாகச் சில நொடிகளில் திறக்குமாறு மாற்றப்பட்டது. நிலவுப் பயணக் கோபுரத்தில் இறங்கும் வழிகள் இரண்டு அமைந்தன. 320 அடி உயரத்திலுள்ள ஒன்பதாவது கையைக் கடந்து ஓடினால் மின்தூக்கி. நிமிடத்துக்கு 600 அடி செல்லக்கூடியது. அரை நிமிடத்தில் மேடையை அடையலாம். அங்கிருந்து ஒரு சறுக்குக் குழாய், ஏவுதளத்துக்கு அடியில் உள்ள காப்பறைக்கு இட்டுச் செல்லும். மற்றொரு வழி, அதே உயரத்திலிருந்து தரைக்கு இழுத்துக் கட்டிய எஃகு வடம். அதில் தொங்கும் கூண்டில் ஏறி, 2000 அடிக்கு மேல் தள்ளிப்போய் இறங்கலாம். இன்னொன்றும் உண்டு. புறப்பாட்டுக்கு முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாக இருக்கையில் ஒன்பதாவது கை விண்கலத்தை விட்டு விலகும்; ஆனால் முழுவதும் விலகிவிடாது. 12 பாகை மட்டும் ஒதுங்கி, கூப்பிட்டால் உடனே திரும்பிவரத்தக்கதாகக் கடைசி ஐந்து நிமிடம் வரையில் காத்து நிற்கும். பேரனுக்கு எல்லாவற்றினும் பிடித்துப்போனது இதுதான்.

அந்தக் கையைச் செய்யும்போதுதான் எங்களுக்குள் வழக்கு வந்தது. இருபுறமும் கிராதிச் சட்டங்கள், நடுவில் நடைபாதை, நுனியில் வெள்ளையறை என்று பெயர் பெற்ற சிற்றறை. 1969 ஜூலை 16 காலை ஏழு மணிக்குச் சற்று முன் ஆம்ஸ்ட்ராங் அதன் வழியேதான் முதலில் நுழைந்தார். அங்கே நின்று மூவரையும் இருக்கையில் அமர்த்திக் கதவை மூடும் குழுவுக்குத் தலைவர் குந்தர் வெண்ட். இச்சிற்றறையைச் சுவரும் கூரையும் வைத்து மூடிவிட்டால் உள்ளே இருப்பது எவர் கண்ணுக்கும் படாது. வரைபடக்காரர், வெளியுருவம் போதும் என்றார். மறைந்திருப்பவற்றைப் புள்ளிக்கோட்டால் காட்டிவிட்டு மேலே போவதுதான் தொழில் மரபு என்றார். அறுவை நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. தையலாசிரியை மறுத்தார். "முப்பது வருஷமா பிள்ளைங்க பூத்தையலைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்த்துத்தான் மார்க் போட்டேன். இப்ப மட்டும் மாத்தச் சொல்றீங்களா?" என்றார். இரண்டு நாள் கோபுரம் அப்படியே நின்றது.

வழக்கைத் தீர்த்தவன் பேரன். தென்னை ஈர்க்கு ஒன்றைச் சீவிக் கூர்மையாக்கிக்கொண்டு வந்தான். விண்கலக் கதவிலிருந்து மின்தூக்கி வரையில் அதன் நுனி எங்கும் முட்டாமல் போக வேண்டும் என்றான். மூடிய பெட்டியில் ஈர்க்கு போகாது. ஆகவே உள்ளே கட்டினோம். தளத்துக்கு நைலான் சல்லடை. கைப்பிடிக்குச் செம்பு இழை. வெள்ளையறைக்குக் கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலத்தில் வாயில். தளமும் கையும் சேரும் இடத்தில் ஒரு தாள் கனம்கூட மேடு தட்டாமல் அரத்தால் தேய்த்தோம். இவ்வொரு கைக்கு மட்டும் பதினொரு நாள் ஆயிற்று. அவற்றுள் ஆறு நாள் வேலை, கூரை வைத்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. ஈர்க்கு மட்டும் உள்ளே போய் வரும்.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையான சிவப்பையே மாதிரிக்கும் பூசினால் பொம்மைபோல் கண்ணை உறுத்தும். தொலைவிலுள்ள பொருளின் நிறம் காற்றினூடே வெளிறித்தானே தெரிகிறது? அதனால் சிவப்பில் சிறிது வெள்ளை கலந்து, பளபளப்பின்றிப் பூச வேண்டும். கடற்காற்றில் நின்ற இரும்பென்பதால் மூட்டுகளில் காவி நீரை ஒரு தொடு தொட்டோம். கடலோரத்து வீட்டுச் சன்னல் கம்பிகளை அறிந்தவர்களுக்கு அந்நிறத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை.

இக்கோபுரம் இப்போது எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வகை மேடைகள் மொத்தம் மூன்றே கட்டப்பட்டன. இரண்டின் கோபுரப் பகுதிகளைப் பிற்காலத்து விண்வெளி ஓடங்களுக்காக ஏவுதளங்களிலேயே நிலையாக நிறுத்தினார்கள். ஆம்ஸ்ட்ராங் ஏறிய முதலாவது மேடையின் கோபுரத்தை 1983-இல் துண்டு துண்டாகக் கழற்றித் திறந்த வெளியில் கிடத்தினார்கள். மீண்டும் நிறுத்திக் காட்சியாக வைக்க வேண்டும் என்று சிலர் முயன்றனர்; பணம் சேரவில்லை. பழைய வண்ணப்பூச்சு மண்ணைக் கெடுக்கும் என்ற கவலை வேறு. 2004-இல் அது பழைய இரும்பாக வெட்டப்பட்டது. அவர்கள் நடந்த அந்தக் கோபுரம் இன்று எங்கும் நின்றுகொண்டிருக்கவில்லை என்பதை அறிந்தபோது, சாமணத்தைப் பிடித்த கையில் பொறுப்புக் கூடியதாகவே உணர்ந்தோம்.

கண் அறுவை நலமாக முடிந்தது. எஞ்சியிருந்த நான்கு தளங்களும் முடிந்துவிட்டன. பாரந்தூக்கிக்கு வடம் மட்டும் கட்ட வேண்டும்.

கடைசியாக அந்தத் தப்பும் வடத்துக்கு வந்தோம். 2000 அடி என்பதே எங்கள் விகிதத்தில் ஏறத்தாழ பதினான்கு அடி. மேசையோ நான்கடி. மேசை விளிம்பில் வெட்டி நிறுத்திவிடலாம் என்று வரைபடக்காரர் சொல்லவில்லை; சொல்லத் துணியவில்லை என்பதே சரி. பேரன் செம்பு இழையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் குறுக்கே கடந்தான். உணவறை வாயிலைத் தாண்டினான். அடுக்களைச் சன்னலுக்குப் போய்ச் சேர்ந்தான். நாடாவை வைத்து இரு முறை அளந்துவிட்டு, சன்னல் கம்பியில் அடிப்பக்கமாகக் கட்டினான். மருமகள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் கீழே குனிந்து வரவேண்டியிருக்கிறது. மார்கழி இரண்டாம் வாரம் விடுப்பில் வரும் மகனும் குனிந்தே வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று பேரன் எழுதி, வடத்தில் ஒரு சீட்டைத் தொங்கவிட்டிருக்கிறான்.